பேபி ஃபுட் மெஷின் வாங்கலாமா, வீட்டு மிக்ஸியே போதுமா?

வாசகர் கேள்வி: என் மகனுக்கு ஆறு மாதம் முடிந்து இருபது நாள் ஆகிறது. பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 7.2 கிலோ. தாய்ப்பாலோடு, கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிக் கஞ்சி காய்ச்சித் தருகிறோம். ஒரு டம்ளர் கஞ்சிக்கு இரண்டு டீஸ்பூன் மாவு. பாலாடையில் ஊற்றினால் முழுவதும் குடித்துவிடுகிறான். ஆனால் போன மாதம் 150 கிராம்தான் எடை கூடியது. ஸ்பூனில் கொடுத்துப் பார்த்தபோது பாதியிலேயே கஞ்சி நீர்த்துப்போனது. கெட்டுவிட்டதா? எட்டாம் மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அத்தைதான் பார்த்துக்கொள்வார். அவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, காய் வேகவைத்து அதிலேயே அரைக்கும் பேபி ஃபுட் மெஷின் ஒன்று ஆறாயிரத்துச் சொச்சத்துக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா? அத்தை முளைகட்டிய கேழ்வரகு மாவு நல்லது என்கிறார். தோழி ஒருத்தி இருபது சாமான் போட்ட சத்துமாவைச் சொல்கிறாள். எதைக் கேட்பது?
– வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

மெஷின் வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கஞ்சியைச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் எடை கூடாததற்கு அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் கேழ்வரகு மாவு ஏறக்குறைய 6 கிராம். அதில் கிடைப்பது சுமார் 20 கலோரி. அதை 150 மில்லி தண்ணீரில் காய்ச்சி ஊற்றினால் பிள்ளையின் வயிறு நிறைந்துவிடும். அதே 150 மில்லி தாய்ப்பாலில் ஏறக்குறைய 100 கலோரி இருக்கிறது. அந்த நேரத்தில் குடித்திருக்கக்கூடிய பாலுக்குப் பதிலாக, அதில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி மட்டுமே உள்ள ஒன்று உள்ளே போகிறது. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை, தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு அதற்கு மேல் ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி உணவிலிருந்து தேவை. இந்த வயதில் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில்தான் கொள்ளும். உங்கள் பையனுக்கு அது சுமார் 200 மில்லி. அந்தச் சின்ன இடத்தில் தண்ணீரை நிரப்பக் கூடாது.

பதம் பார்க்க எளிய வழி உண்டு. ஸ்பூனில் எடுத்துச் சற்றுச் சாயுங்கள். ஒழுகி ஓடினால் தண்ணீர் அதிகம். ஒட்டி நின்று, மெதுவாகத் திரண்டு விழுந்தால் சரி. பாலாடையில் ஊற்ற முடிகிற எதுவும் இந்த வயதுக்குச் சாப்பாடு ஆகாது. பாலாடையைப் பாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, குழி குறைந்த சின்ன ஸ்பூனால் உதட்டுக்கு அருகில் கொண்டுபோங்கள். அவனாக வாய் திறந்து இழுத்துக்கொள்ளட்டும்.

நீர்த்துப்போன கஞ்சி கெட்டுப்போனதல்ல. வாய்க்குப் போன ஸ்பூன் திரும்பக் கிண்ணத்துக்கு வரும்போது எச்சிலும் கூடவே வருகிறது. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். பத்து நிமிடத்தில் கெட்டிக் கஞ்சி தண்ணீராகிவிடும். அந்த வேளைக்கு அதைக் கொடுத்து முடிக்கலாம். ஆனால் எச்சில் பட்ட மிச்சத்தை மூடிவைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்கவே கூடாது, ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கூடாது. நான்கு ஸ்பூன் அளவு மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள். தீர்ந்தால் சுத்தமான வேறு கரண்டியால் மறுபடி எடுங்கள். நீர்த்துப்போகும் தொல்லையும் குறையும், மீந்ததைக் கொட்டுவதும் குறையும்.

தினமும் செய்ய வேண்டியது பருப்பு சாதம்தான். பச்சரிசி 30 கிராம், அதாவது 15 மில்லி டேபிள்ஸ்பூனால் கோபுரமாக இரண்டு. பாசிப்பருப்பு 15 கிராம், அதே ஸ்பூனால் ஒன்று. தானியம் இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு என்பது கணக்கு. கழுவி அரைமணி நேரம் ஊறவையுங்கள். குக்கருக்குள் வைக்கிற கிண்ணத்தில் இவற்றோடு 250 மில்லி தண்ணீரும் இரண்டு விரல் அளவு கேரட் துண்டும் போட்டு, ஆறு விசில் விட்டு, பிறகு சிறுதீயில் ஐந்து நிமிடம். பிரஷர் தானாக அடங்கட்டும். சூடாக இருக்கும்போதே பருப்பு மத்தால் கடைந்து, ஒரு டீஸ்பூன் நெய் விடுங்கள். அரிசியில் 105, பருப்பில் 50, நெய்யில் 45 என்று மொத்தம் ஏறக்குறைய 200 கலோரி. இரண்டு வேளைக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒரு நாள் தேவை முடிந்தது. ஆறினால் சாதம் இறுகும். இறுகினால் கொதித்த வெந்நீர் ஒரு ஸ்பூன் போதும், அதற்கு மேல் ஊற்றி ரசமாக்கிவிடாதீர்கள். ஒரு வயது வரை உப்பு வேண்டாம், சர்க்கரை, வெல்லமும் வேண்டாம். நமக்கு சப்பென்று இருப்பது அவனுக்கு அப்படி இருக்காது.

உங்கள் அத்தை சொல்வது முற்றிலும் சரி. முளைகட்டிய கேழ்வரகுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. முளைவிடும்போது தானியத்துக்குள்ளேயே அமைலேஸ் உருவாகிறது. இந்த மாவு கஞ்சியில் வேகும்போது கெட்டியைக் குறைக்கும். அதனால் ஒரே அளவு தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு பங்கு மாவு போட்டாலும் களியாகாமல் ஸ்பூனில் எடுக்கும் பதத்திலேயே நிற்கும். இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் என்ற பொருளும் முளைகட்டும்போது ஓரளவு குறைகிறது.

செய்முறையில் கவனம் வேண்டும். அரைக்கிலோ கேழ்வரகைக் கல் நீக்கி, தண்ணீர் தெளியும் வரை நான்கைந்து முறை கழுவி, 12 மணி நேரம் ஊறவையுங்கள். இடையில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். வடித்து, நனைத்த பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறி அழுகும். துணி காயாதபடி அவ்வப்போது தண்ணீர் தெளித்துவந்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் அரை சென்டிமீட்டர் முளை வரும். முளையின் அடியில் பஞ்சுபோல வெள்ளையாகத் தெரிவது வேர்த்தூவி. அதைப் பூஞ்சை என்று பயந்து கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. சாம்பல், பச்சை, கருப்பு நிறம் தெரிந்தாலோ, கையில் பிசுபிசுத்துப் புளித்த நாற்றம் அடித்தாலோதான் அது பூஞ்சை. அப்போது முழுவதையும் கொட்டிவிடுங்கள், பொறுக்கி எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. காயாது.

முளைத்ததைத் துணியில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, வெயிலில் கடித்தால் நொறுங்கும் வரை காயவிடுங்கள். உள்ளங்கையால் தேய்த்தால் வேர் உதிர்ந்துவிடும், முறத்தில் புடைத்துவிடலாம். பிறகு வறுக்கும் கட்டத்தில்தான் பெரும்பாலும் கெடுக்கிறோம். மணம் வரச் சிவக்க வறுத்தால் நொதி செத்துவிடும். மாவு சத்தானதாகவே இருக்கும், ஆனால் கஞ்சியை இளக்கும் குணம் போய்விடும். வாணலியில் மிகச் சிறுதீயில், தானியத்தைக் கையில் அள்ளினால் பொறுக்கும் சூட்டில் சில நிமிடம் புரட்டினால் போதும். ஆறியதும் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலியுங்கள். மில்லில் நமக்கு முன்னால் மிளகாய் அரைத்தார்களா, கோதுமை அரைத்தார்களா என்று தெரியாது. ஈரமில்லாத டப்பாவில் ஒரு மாதம் இருக்கும்.

காய்ச்சும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த மாவைக் கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள். போட்ட கணமே நொதி செயலிழக்கும், கட்டியும் தட்டும். 20 கிராம் மாவை, அதாவது கோபுரமாக இரண்டு டேபிள்ஸ்பூனை, 120 மில்லி ஆறிய தண்ணீரில் கரைத்து, சிறுதீயில் வைத்துக் கிளறுங்கள். முதலில் கெட்டிப்படும், பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அதே சூட்டில் மூன்று நான்கு நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் கண்ணெதிரே இளகும், கரண்டியில் இழுபட்டது பளபளப்பாக வழியத் தொடங்கும். அதன் பிறகு தீயைக் கூட்டி ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். முளைகட்டிய தானியத்தில் கிருமி பெருகியிருக்கும் என்பதால் இந்தக் கொதியை விட்டுவிடக் கூடாது. அரை டீஸ்பூன் நெய் சேர்த்தால் இந்தக் கிண்ணத்தில் சுமார் 85 கலோரி. உங்கள் பழைய டம்ளர் கஞ்சியைப்போல நான்கு மடங்கு.

துணியில் வடிகட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகின் கால்சியம் பெரும்பங்கு தோலில்தான் இருக்கிறது. துணியில் தங்கும் சக்கையோடு அதுவும் போகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் வடிகட்டியது போதும். இனி நைஸ் சல்லடையில் சலித்த மாவே அவனுக்குச் செரிக்கும்.

தோழி சொன்ன இருபது சாமான் மாவை இப்போது எடுக்காதீர்கள். தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால் எந்தச் சாமான் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இருபதும் ஒரே பதத்தில் வறுபடாது, ஒன்று கருகும், ஒன்று பச்சையாக நிற்கும். வேர்க்கடலை, முந்திரி, பாதாம் சேர்ந்த மாவு நம் வெயிலில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஒவ்வொரு புதுப் பொருளையும் தனியாக, மூன்று நாள் இடைவெளி விட்டுக் கொடுத்துப் பாருங்கள். நான்கைந்து பழகிய பிறகு அவற்றையே சேர்த்து மாவாக்கிக்கொள்ளலாம்.

இனி மெஷின். அது ஆவியில் வேகவைத்து அரைக்கும். கேரட், ஆப்பிள், பூசணி, சர்க்கரைவள்ளிக்கு நன்றாகவே வேலை செய்யும். அரிசியையும் பருப்பையும் அதில் குழைய வேகவைக்க முடியாது. நம் பிள்ளைகளின் முக்கியச் சாப்பாடே அவை இரண்டும்தான். எனவே மெஷின் வாங்கினாலும் குக்கர் ஏற்றியே ஆக வேண்டும். வீட்டில் போர் தண்ணீர் என்றால் தண்ணீர்த் தொட்டியில் உப்பு படிந்து, சில வாரத்தில் ஆவி குறைந்து, காய் அரைவேக்காடாக நிற்கும். அடிக்கடி வினிகர் ஊற்றிக் கழுவ வேண்டும். பெரும்பாலான மாடல்களில் கொதிஆவி படுகிற கிண்ணமும் பிளாஸ்டிக்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, மையாக அரைத்த உணவு பிள்ளைக்குத் தேவைப்படுவது ஒன்றரை, இரண்டு மாதம்தான். நீங்கள் வேலைக்குப் போகிற எட்டாம் மாதத்தில் அந்த மெஷினுக்கு வேலையே இருக்காது.

வாங்க வேண்டியவை இவைதான். உங்கள் மிக்ஸிக்குப் பொருந்தும் 300 அல்லது 400 மில்லி சட்னி ஜார் ஒன்று, பிள்ளைக்கென்றே தனியாக. பெரிய ஜாரில் ஒரு கைப்பிடி போட்டால் பிளேடில் படாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சின்ன ஜாரிலும் பிளேடு மூழ்கும் அளவு, குறைந்தது அரை டம்ளராவது இருக்க வேண்டும். தனி ஜார் ஏன் என்றால், மூடியின் ரப்பர் கேஸ்கட்டிலும் பிளேடின் அடியிலும் மிளகாய்க் காரம் ஊறிக்கிடக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. கேஸ்கட்டைத் தினமும் கழற்றித் தேய்த்துக் காயவையுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க எதையும் மூடிய ஜாரில் அரைக்காதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், முகத்தில் தெறிக்கும். ஆறவைத்து, விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று போதும். உருளைக்கிழங்கை மட்டும் மிக்ஸியில் போடவே வேண்டாம், பசையாகி அண்ணத்தில் ஒட்டும். அதை மசித்துச் சல்லடையில் தேய்த்து எடுங்கள்.

பிடி வைத்த எவர்சில்வர் சல்லடை ஒன்று. பீன்ஸ் நார், தக்காளித் தோல் எல்லாவற்றையும் இது பார்த்துக்கொள்ளும். வெளிச்சத்தில் பிடித்து வலைக் கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அறுந்த கம்பி சாப்பாட்டோடு போகும். அளவு ஸ்பூன் செட் ஒன்று, அத்தையும் நீங்களும் ஒரே அளவில் போடுவதற்கு. காய் வேகவைக்க இட்லிப் பானை இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கிய கேரட் 12 முதல் 15 நிமிடம், ஆப்பிள் எட்டு நிமிடம். ஹேண்ட் பிளெண்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் உயரமான, ஒடுங்கிய டம்ளரில் பயன்படுத்துங்கள். புதிதாக வாங்கத் தேவையில்லை. பாத்திரங்கள் எல்லாம் எவர்சில்வராகவே இருக்கட்டும். பழைய ஈயச் சொம்பு, ஈயம் பூசிய பித்தளை ஆகியவற்றில் பிள்ளைக்குச் சமைக்க வேண்டாம், காரீயம் கலந்திருந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மிக்ஸியையும் சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்பதை இப்போதே அத்தையிடம் சொல்லிவையுங்கள். ஏழாம் மாதம் மத்தால் கடைந்தது. எட்டாம் மாதம் ஸ்பூனின் பின்புறத்தால் மசித்தது, சின்னச் சின்னக் கட்டியோடு. ஒன்பதில் விரலால் நசுங்கும் காய்த் துண்டு, இட்லி விள்ளல் அவன் கையிலேயே. பத்து மாதம் தாண்டியும் மையாகவே அரைத்துக் கொடுத்த பிள்ளைகள் பிறகு கட்டி தட்டினாலே துப்புவதும் ஓக்காளிப்பதும் அதிகம். புதிய பதம் வரும்போது ஓக்காளிப்பது இயல்பு, சத்தத்தோடு தானே சமாளித்துக்கொள்வான். சத்தமே வராமல், மூச்சுவிட முடியாமல் முகம் நிறம் மாறினால் அது அடைப்பு, உடனடி முதலுதவி வேண்டும். எனவே முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, பாப்கார்ன் எதுவும் இந்த வயதில் கிட்டவே வரக் கூடாது.

ஃப்ரீசர் விஷயம். உங்களிடம் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜா, இரட்டைக் கதவா என்று நீங்கள் சொல்லவில்லை. ஒற்றைக் கதவின் மேலறை பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரி வரை போகாது. அங்கே வைத்த ஐஸ்கிரீம் கல்லாக நிற்காமல் குழைந்திருந்தால், குழந்தை உணவை அதில் சேமிக்க வேண்டாம். கல்லாக நின்றால் ஒரு மாதம் வரை வைக்கலாம். மூடியுள்ள ஐஸ் டிரேயில் மசித்த காயையும் பருப்பையும் ஊற்றி, உறைந்ததும் தேதி எழுதிய டப்பாவுக்கு மாற்றுங்கள். கேரட், பூசணி, பட்டாணி, பருப்பு நன்றாக உறையும். கேழ்வரகுக் கஞ்சி உறைந்து இளகும்போது தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும், உருளை மணல்மணலாகும், வாழைப்பழம் கறுக்கும். இவற்றை அன்றன்றைக்கே செய்வதுதான் வழி. சாதத்தையும் அன்றே வடியுங்கள். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் வேகவைத்தாலும் சாகாது, வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. ஈரோட்டு வெயிலில் சமைத்தது எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. தட்டில் பரப்பி, அடியில் குளிர்ந்த தண்ணீர் வைத்துச் சீக்கிரம் ஆற்றி உள்ளே வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

நீங்கள் வேலைக்குப் போன பிறகு நடைமுறை இப்படி இருக்கலாம். காலையில் குக்கரில் பருப்பு சாதம் வைத்து, ஒரு வேளைக்கு ஒன்று என்று இரண்டு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முந்தைய இரவே ஒரு காய்க் கட்டியை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு இறக்கியிருப்பீர்கள். அத்தை ஒரு டப்பாவை எடுத்து, காயையும் சேர்த்து, நடுவிலும் ஆவி பறக்கும்வரை அடுப்பில் சூடுசெய்து, ஆறவைத்து ஊட்ட வேண்டும். வெந்நீரில் டப்பாவை மிதக்கவிட்டு வெதுவெதுப்பாக்குவது போதாது. ஒருமுறை சூடுசெய்ததை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது, இளகியதை மறுபடி உறையவைக்கவும் கூடாது. மாதாந்திர மின்தடை அன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இல்லையென்றால், ஃப்ரிட்ஜில் இருக்கிற பிள்ளை சாப்பாட்டைத் தயங்காமல் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

இரும்புச்சத்தைக் கவனியுங்கள். பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பு ஆறாம் மாதத்தோடு தீர்ந்துபோகும், தாய்ப்பாலில் அது குறைவு. பருப்பு, கீரையோடு சில சொட்டு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காய்ச் சாறோ சேர்த்தால் உடம்பில் ஒட்டும். அசைவம் சாப்பிடும் வீடென்றால் நன்றாக வெந்த முட்டை, முள் எடுத்த மீன், ஈரல் எல்லாம் இந்த வயதிலேயே தொடங்கலாம். ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை ஒரு மில்லி என்று அரசுத் திட்டத்தில் தரும் இரும்புச்சத்துச் சிரப்பைப் பற்றிச் சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். தேன் மட்டும் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைப் பாதிக்கும். இதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லக் கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கும், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள். பசும்பாலையும் ஒரு வயது வரை குடிக்கும் பாலாகக் கொடுக்க வேண்டாம்.

இன்றே கஞ்சியை மாற்றுங்கள். முதலில் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூனில் தொடங்கி, இரண்டு வாரத்தில் வேளைக்கு அரைக் கிண்ணம் வரை கொண்டுவாருங்கள், தாய்ப்பாலைக் குறைக்காமல். சரியாக ஒரு மாதம் கழித்து, அதே தராசில், சட்டையில்லாமல் எடை பார்த்துத் தாய் சேய் நல அட்டையின் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். 300 கிராமை ஒட்டிக் கூடியிருந்தால் அப்படியே தொடருங்கள். கோடு படுத்திருந்தாலோ கீழே இறங்கியிருந்தாலோ, அல்லது அதற்கு முன்பே வயிற்றுப்போக்கு, காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது என்று ஏதாவது தெரிந்தாலோ குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள், சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாள் கடத்த வேண்டாம்.